விடியற்காலை இரண்டு மணி நேரம்

நகரத்தில் அறை எடுத்துக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. களையெடுப்புக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகள் நம் தெருக்களில் ஏராளம். அவர்களுக்குத் தேவை விடாமல் கடைப்பிடிக்கிற ஓர் ஒழுங்கு.

காலை 4.30 முதல் 6.30 வரை தமிழ். மொத்தம் 200 கேள்விகளில் 100 தமிழ்தான். அதற்குரிய 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். சாதி அடிப்படையில் இட ஒதுக்கீடு இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. இரவு 8 முதல் 9 வரை பொது அறிவு, அதன்பின் அரை மணி கணக்கு. ஞாயிறன்று கடிகாரத்தை வைத்து மூன்று மணி நேரம் பழைய வினாத்தாள்.

பள்ளிப் பாடநூல்களிலிருந்து தொடங்குங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கம் வேண்டாம். சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். பட்டியல் சாதியினருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்த விடியற்காலையில் பெண் பிள்ளையைத் தண்ணீர்க் குடத்தோடு அனுப்பாதீர்கள்.

இந்தத் தேர்வில் நேர்காணல் இல்லை. எந்தத் தெரு என்று விடைத்தாள் கேட்காது.