அனுமதி மறுக்கப்படும்போது

யூனிக்ஸ் மரபிலே வந்த லினக்ஸ் கணினியில் ஒருவர் கட்டளைகளை வரிசையாக எழுதி, ஷெல் ஸ்கிரிப்டாகச் சேமித்து, அதனை இயக்க முனைகின்றார். கணினியோ அனுமதி மறுக்கப்பட்டது என்கின்றது. தாமே எழுதியதைத் தாமே இயக்க இயலாதா என அவர் மலைக்கின்றார்.

காரணம் எளிது. 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறைமையாக வளர்ந்தது. ஆதலின் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினர்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய உரிமைகள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மதிப்புகள் முறையே 4, 2, 1 ஆகும். புதிதாக எழுதிய கோப்புக்கு இயக்கும் உரிமை பெரும்பாலும் தானாகக் கிடைப்பதில்லை.

ஆகவே முதலில் 'எல்.எஸ். -எல்' கட்டளையால் உரிமைகளைப் பாருங்கள். உரிமையாளர் பகுதியில் 'எக்ஸ்' எழுத்து இல்லையெனில், 'சி.எச்.மோட் யூ+எக்ஸ்' என்னும் கட்டளையால் அதனை வழங்குங்கள். பின்னும் மறுப்பு வருமாயின், கோப்பிருக்கும் அடைவிலும் அதன் மேலடைவுகளிலும் நுழையும் உரிமை உண்டா, அவ்வட்டுப் பகுதி 'நோஎக்ஸெக்' என்னும் தடையுடன் இணைக்கப்பட்டுள்ளதா என ஆராயுங்கள்.

சிலர் பொறுமையிழந்து 777 என வழங்கிவிடுவர். அது வீட்டுத் திறப்பை வாசலிலே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். அக்கோப்பை அடையக்கூடிய எவரும் அதனுள் தம் கட்டளையைச் செருகலாம். அடுத்த முறை நீங்கள் இயக்கும்போது அது உங்கள் அதிகாரத்திலேயே இயங்கும். உங்களுக்கு 700 போதும்; பிறரும் இயக்கவேண்டின் 755. தேவையான உரிமையை மட்டும் வழங்குவதே காவலாகும்.