கடும் பாவனைக்குரிய டெப் கணினி

கண்ணாடி முகப்புடைய மெல்லிய பலகை போன்ற கணினியை இன்று 'டெப்' என்று சொன்னால் அறியாதார் இல்லை. வீட்டுக் கூடத்திலும் வகுப்பறையிலும் இருந்த அக்கருவி வயலுக்கும் கடற்கரைக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் சென்றுவிட்டது. 2024ஆம் ஆண்டின் குடிசன வீட்டுவசதித் தொகைமதிப்பின்போது உத்தியோகத்தர்கள் டெப்புடன் வீட்டு வாயிலுக்கு வந்தமையை நேயர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர்.

வெளிவேலைக்கென்றே தடித்த உடலும் இறப்பர் மூலைகளும் நீர் புகாத மூடிகளும் உடைய டெப்புகள் விற்பனைக்கு உள்ளன. அவற்றைக் கடும் பாவனைக்குரியவை என்பர். அவற்றுள் ஒன்றை வாங்கச் செல்பவர் கடையில் ஒரு சங்கடத்தை எதிர்நோக்குகின்றார். ஏறக்குறைய அதே விலைக்கு, அதனினும் வேகமும் அழகும் மிக்க சாதாரண டெப் ஒன்று அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும். உறுதிக்காக வேகத்தை விட்டுக்கொடுப்பதா, வேகத்துக்காக உறுதியை விட்டுக்கொடுப்பதா?

முதலில், விற்பனையாளர் கூறும் உறுதி யாதென அறிதல் வேண்டும். பெட்டியின்மேல் இரு குறிகள் காணப்படும். ஒன்று, ஐ.பி. என்னும் எழுத்துக்களை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது நீரையும் பற்றியது. 67 எனின் தூசி அறவே புகாது. 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. 68 எனின் அதனினும் கடுமையான நிலையைத் தாங்கும். எத்துணை ஆழம், எத்துணை நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். இச்சோதனை புதிய கருவியை நன்னீரில் இட்டுச் செய்யப்படுவது. உப்புநீரோ உலோகத்தை அரிக்கும். இறப்பர் மூடியும் காலப்போக்கில் தளரும். மயிலிட்டியிலோ வாழைச்சேனையிலோ மூன்றாண்டு மீன்பிடித் துறையில் உழைத்த கருவிக்கு அந்த இலக்கம் அப்படியே பொருந்துமென எண்ணுதல் தவறு.

மற்றையது அமெரிக்க இராணுவ நியமம் 810. அது 1962இல் முதன்முதல் வெளிவந்து, பல முறை திருத்தப்பெற்று, 2019இல் 'எச்' பதிப்பாக வெளியாயிற்று. அதன்படி வழமையாகச் செய்யப்படும் வீழ்ச்சிச் சோதனையில் கருவி 122 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 26 முறை விழ விடப்படும். முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8 என்பது கணக்கு. கேட்போர் வியப்படைவர். ஆயின் 26 வீழ்ச்சிகளையும் ஒரே கருவி தாங்கவேண்டும் என்பதில்லை. ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ள இடமுண்டு. விழும் தளமும் கொங்கிறீற்றின்மேல் இட்ட ஒட்டுப்பலகையேயன்றிக் கருங்கல் அன்று. இந்நியமத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சான்றிதழ் வழங்குவதுமில்லை. எச்சோதனைகளைச் செய்வதென்பதைத் தயாரிப்பாளரே தெரிவுசெய்கின்றார். எனவே எந்த உயரம், எந்த வெப்பம், எத்தனை கருவிகள் என்று வினவுதல் வேண்டும். விடை கூறாத விளம்பரம் வெறும் ஆரவாரமே.

இனி வேகத்தை நோக்குவோம். வேகத்தைத் தருவது உள்ளேயிருக்கும் சில்லு. அது விரைந்து தொழிற்படுந்தோறும் சூடேறும். மேசைக் கணினியில் அச்சூட்டை வெளியேற்ற விசிறியும் துளைகளும் உண்டு. டெப்பில் பெரும்பாலும் அவை இல்லை. உடலே சூட்டை வெளிவிடல் வேண்டும். அவ்வுடலைத் தடித்த இறப்பரால் பொதிந்துவிட்டால் வெப்பம் உள்ளேயே தங்கும். அப்பொழுது சில்லு தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரை மங்கும், மின்னேற்றமும் தடைப்படும். அப்பிள் நிறுவனம் தன் ஐபேட்டை 0 முதல் 35 பாகை செல்சியசுச் சூழலிலேயே பாவிக்குமாறு கூறுகின்றது. சித்திரை வெயிலில் மூடிய வாகனத்தினுள் அவ்வெல்லை விரைவிற் கடக்கப்படும். ஆகவே அதிவேகச் சில்லுக்குக் கொடுத்த பணத்திற் பெரும்பங்கு, வன்னியின் வெட்டவெளியில், நண்பகலில், பயனின்றிப் போகக்கூடும்.

சம்சுங் நிறுவனத்தின் இரு கருவிகளை ஒப்பிடின் இன்னொன்றும் புலனாகும். 2023இல் வெளிவந்த கலக்சி டெப் எஸ் 9 உயர்தரச் சில்லுடையது. 2024இல் வந்த டெப் அக்டிவ் 5, நடுத்தரத் தொலைபேசிகளில் உள்ள சில்லையும் 8 அங்குலத் திரையையும் உடையது. நீரைத் தாங்குவதில் இரண்டும் ஐ.பி. 68 தரத்தனவே. வேறுபாடு வீழ்ச்சியைத் தாங்குவதிலும் பற்றரியிலும் உள்ளது. அக்டிவ் 5 தனக்குரிய தடித்த உறையுடன் விற்கப்படுகின்றது; அதன் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றலாம். கருவியில் முதலில் முதுமையடைவது பற்றரியே. வெப்பம் அம்முதுமையை விரைவுபடுத்தும். உள்ளே ஒட்டப்பட்ட பற்றரி தளர்ந்துவிட்டால், தூரக் கிராமத்தில் இருப்பவர் கருவியை நகரத்துப் பழுதுபார்ப்போரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். உறுதியை எடைபோடுவோர் இரும்பையும் இறப்பரையும் பார்க்குமளவுக்கு இதனைப் பார்ப்பதில்லை.

எனினும் வேகத்தை அறவே புறக்கணித்தலும் பேதைமை. செயலிகள் ஆண்டுதோறும் கனத்து வருகின்றன. நினைவகம் போதாத கருவி, படிவமொன்றைத் திறக்கவே தடுமாறும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் மக்களின் விவரங்களைச் சேமித்தலும் தகாது. உடல் பத்தாண்டு நிலைத்தாலும் மென்பொருள் நான்காண்டில் கைவிடப்பட்டால், அதன் ஆயுள் நான்காண்டே. செய்யவேண்டிய வேலைக்குப் போதிய வேகமும், சிறிது மிகுதியும் இருந்தால் அமையும். அதற்கப்பாற்பட்ட வேகத்துக்கு வெளிவேலையில் பணம் கொடுத்தல் வீண்.

2025 நவம்பரில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியது. அத்தகைய வெள்ள நாளில், இழப்புக்களைப் பதிந்து திரியும் ஓர் உத்தியோகத்தரின் கருவி சேற்றில் விழுந்து நின்றுவிடுமாயின், இழக்கப்படுவது கருவியின் விலை மாத்திரமன்று. அனுப்பப்படாது அதனுள் கிடக்கும் குடும்பங்களின் விவரங்களும் போய்விடும். அக்குடும்பங்களின் உதவியும் பிந்தும். அலுவலக மேசையில் பாவிப்பவருக்கோ இக்கவலை இல்லை. அவர் நல்ல உறையிட்ட சாதாரண டெப்பையே வாங்கலாம்.

வெளிவேலைக்கு வாங்குவோர் கடையிலேயே சிலவற்றைச் சோதித்துக்கொள்ளல் நன்று. திரையை வெயிலுக்குக் கொண்டுவந்து வாசித்தல் வேண்டும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். மின்னேற்றும் வாய்க்கு மூடியிருப்பின், அது தளராது பொருந்துகின்றதா எனப் பலமுறை திறந்து மூடிப் பார்த்தல் வேண்டும். மாற்றுப் பற்றரி இந்நாட்டில் கிடைக்குமா, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பவற்றை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.