குற்றாலத்தில் தலையைக் கொடுத்தால் மூளைக்குள் என்ன நடக்கும்?

ஜூன் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இரையத் தொடங்கினால் தென்காசிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த சில வாரங்களில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் துண்டும் கையுமாகக் கூட்டம்.

பேரருவியில் வரிசையில் நகர்ந்து வரும் ஒருவரைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் தாரை தோளில் விழுந்த அந்த நொடியில் வாய் தானாகத் திறக்கும். 'ஹா' என்று ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ளும், கையில் மயிர்க்கூச்செறியும், நெஞ்சு படபடக்கும். இரண்டு நிமிடம் போகட்டும். அதே ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு கத்தினாலும் நகர மாட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு!

இந்த இரண்டு நிமிடத்துக்குள் நடந்தது முழுக்க நரம்பு மண்டலத்தின் வேலை.

தோலில் உள்ள கதவுகள்

தண்ணீர் 'ஜில்'லென்று இருக்கிறது என்பது மூளைக்கு முதலில் எப்படித் தெரிகிறது? தோலுக்கு அடியில் விரிந்துகிடக்கும் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.எம்-8 என்ற ஒரு புரதம் இருக்கிறது. வெப்பநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இது திறந்துகொள்ளும். மின்னூட்டம் கொண்ட துகள்கள் உள்ளே பாயும், செய்தி கிளம்பிவிடும். தலைவலித் தைலத்திலும் பெப்பர்மின்ட் மிட்டாயிலும் உள்ள மென்தால் இதே கதவைத்தான் திறக்கிறது. தைலம் தடவிய நெற்றி குளிர்வதற்குக் காரணம் அதுதான். உண்மையில் நெற்றியின் சூடு குறைந்திருக்காது.

2002-ல் இந்தப் புரதத்தை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, மிளகாயின் காரத்தை உணரும் புரதத்தை ஜூலியஸ் கண்டுபிடித்திருந்தார். 43 டிகிரியைத் தாண்டிய சூட்டுக்குத் திறக்கும் அதே கதவு மிளகாய்க்கும் திறக்கிறது. அதனால்தான் காரம் பட்டால் நாக்கு 'எரிகிறது'. அழுத்தத்தை உணரும் பியெசோ புரதங்களை 2010-ல் படபூட்டியன் கண்டறிந்தார். 2021-ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி சாப்பிடும் எவரும் கால் மணி நேரத்துக்குள் இந்தக் கண்டுபிடிப்புகள் அத்தனையையும் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிடுகிறார்!

கல்லில் இடித்த கால்விரல்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. நியூரான் என்று சொன்னாலும் அதுதான். ஓய்வாக இருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டுதல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. ஓரிரு மில்லிநொடியில் ஒரு துடிப்பு முடிந்துவிடும். அந்தத் துடிப்பு ஆக்சான் என்ற நீண்ட இழை வழியாக ஓடும். சாரலுக்கும் பேரருவிக்கும் துடிப்பின் அளவு ஒன்றேதான். நொடிக்கு எத்தனை துடிப்பு வருகிறது என்பதை வைத்தே மூளை நீரின் வேகத்தைக் கணக்கிடுகிறது.

எல்லா இழைகளிலும் துடிப்பு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாறையில் வழுக்கிக் கால்விரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். 'சுரீர்' என்று ஒரு வலி உடனே வரும். ஓர் இடைவெளி விட்டு, 'விண் விண்' என்று இன்னொரு வலி மெல்ல ஏறும். முதல் வலியைக் கொண்டுவருவது மயலின் உறை போர்த்திய இழை. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவதைக் கொண்டுவருவது உறையில்லாத மெல்லிய இழை. நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. காலிலிருந்து தலைவரை அது வந்து சேர ஏறத்தாழ ஒரு நொடியோ அதற்கு மேலோ ஆகும்.

நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு இந்த இரண்டு வலியுமே வராது. பாதத்தின் நரம்பு நுனிகள் பழுதடைந்திருக்கும். வெறுங்காலோடு பாறையில் நடந்து, உடைந்த கண்ணாடித் துண்டு கிழித்திருப்பதே தெரியாமல் விடுதிக்குத் திரும்புவார்கள். படுக்கை விரிப்பில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் ரப்பர் செருப்போடு போய்வருவதும், குளித்து முடித்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வதும் கால்களையே காப்பாற்றும் பழக்கங்கள்.

இடைவெளியைத் தாண்டும் ரசாயனம்

ஒரு நரம்பணுவும் அடுத்ததும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே 20 முதல் 40 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. சினாப்ஸ் என்று பெயர். சிற்றாற்றின் கரைவரை நடந்து வந்தவர் அக்கரைக்குப் பரிசலில் போவதைப் போல, மின்துடிப்பாக வந்த செய்தி இங்கே ரசாயனமாக மாறிக் கடக்கிறது. துடிப்பு நுனியை எட்டியதும் கால்சியம் உள்ளே நுழையும். ரசாயன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்த நுண்பைகள் உடைந்து கொட்டும். எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளில் அவை போய் ஒட்டிக்கொள்ளும். இவைதான் நரம்புக் கடத்திகள்.

இதை நிரூபித்தவர் ஆட்டோ லோவி. 1921-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் ஊறியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! சோதனை கனவில் வந்தது என்றும், முதல் நாள் இரவு அரைத்தூக்கத்தில் எழுதிவைத்த குறிப்பைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும், மறுநாள் அதே கனவு வந்ததும் எழுந்து ஆய்வகத்துக்கு ஓடியதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கடத்தி வேலையை முடித்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் ஆபத்து. அசிட்டைல்கோலினை உடைத்து அகற்றுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. பாவூர்சத்திரம், ஆலங்குளம் சுற்றுவட்டாரம் காய்கறிக்குப் பேர்போனது. அங்கே ஒவ்வொரு மருந்தடிப்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, கொட்டும் வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் அசிட்டைல்கோலின் தேங்கியதன் அடையாளங்கள். மருந்து பட்ட சட்டையை உடனே கழற்றி, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் அட்ரோபின் போடுவார்கள். மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துப்போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. எலுமிச்சைச் சாறு கொடுத்து, மோர் கொடுத்து வீட்டில் படுக்கவைத்துப் பார்க்கும் ஒரு மணி நேரம் உயிரையே குடித்துவிடும்.

அந்த 'ஆகா' எங்கிருந்து வருகிறது?

அருவிக்குத் திரும்புவோம். திடீர்க் குளிருக்கு உடம்பு கொடுக்கும் முதல் பதில் நார்அட்ரினலின் என்ற கடத்தி. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கவனம் கூர்மையாகிறது. 14 டிகிரி நீரில் இளைஞர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. அதில் ரத்தத்தில் நார்அட்ரினலின் 530 சதவீதமும் இன்னொரு கடத்தியான டோபமின் 250 சதவீதமும் கூடியிருந்தன. குற்றால நீர் அவ்வளவு குளிர் கிடையாது, யாரும் அங்கே ஒரு மணி நேரம் நிற்கவும் விட மாட்டார்கள். ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. ஆனால் போகும் திசை அதுதான்.

முதுகு வலியோடு போனவர் 'அருவி அடிச்சு எடுத்துடுச்சு' என்பாரே, அதற்கும் விளக்கம் உண்டு. 1965-ல் மெல்சாக், வால் இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் வேகமான இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான வாயில் பாதி மூடிக்கொள்ளும். இடித்த முழங்கையை நாம் தேய்த்துவிடுவதும் இதே கணக்கு. உடம்பை உருவிவிட்ட பிறகு அருவிக்குப் போனால் இரட்டைப் பலன். வலி அப்போதைக்குக் குறையும். நழுவிய முதுகுத்தண்டு வட்டு திரும்ப இடத்துக்குப் போய்விடாது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் உச்சந்தலையை நேராகத் தாரைக்குக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் சுற்றுகிறது. அருவியின் 'எதிர்மின் அயனிகள்' செரட்டோனின் என்ற கடத்தியைப் பெருக்கி மனச்சோர்வை விரட்டுமாம். அருவி ஓரக் காற்றில் எதிர்மின்னூட்டம் இருப்பது உண்மை. 1892-லேயே பிலிப் லெனார்ட் அளந்து சொன்னார். அது நம் மூளைச் செரட்டோனினை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

மலையடிவாரத்துச் செடிகள் இரண்டு

நரம்புக் கடத்திகளின் வரலாற்றில் நம் பக்கத்துச் செடிகள் இரண்டு இடம்பிடித்திருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தி. கொந்தளிக்கும் மனநோயாளியைச் சாந்தப்படுத்தவும் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் இதன் வேர் உதவுவதை 1931-லேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு நுனிகளில் சேமித்துவைத்த கடத்திகளை அது காலி செய்துவிடும். 1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கவைத்தார். உடம்பில் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசியில் போட்டதும் அவை எழுந்து ஓடின. டோபமின் ஒரு நரம்புக் கடத்தி என்று உலகம் ஒப்புக்கொண்டதும், பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்ததும் இந்த வழியில்தான்.

இரண்டாவது, காய் மேலே பட்டால் ஊரையே கூட்டுமளவு அரிக்கும் பூனைக்காலி. அதன் விதையிலிருந்து எல்-டோபாவை 1937-ல் பிரித்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். இதைப் படித்துவிட்டுக் கை நடுங்கும் தாத்தாவுக்குப் பூனைக்காலிப் பொடியைக் குழைத்துக் கொடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு விதையிலும் அளவு மாறும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் குமட்டலும் கட்டுக்கடங்காத உடல் அசைவும் வரலாம்.

குடித்துவிட்டுக் குளிப்பவர்கள்

சீசன் நேரத்தில் எரிச்சலூட்டும் காட்சி இது. மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற கடத்தியின் கையை மது ஓங்கச் செய்கிறது. தூண்டிவிடும் குளுட்டமேட்டைத் தடுக்கிறது. சிறுமூளை தடுமாறும், கால் பின்னும். பாசி படிந்த பாறையில் அது போதும். மது தோல் குழாய்களை விரிப்பதால் உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். ஆனால் குடித்தவருக்கோ கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும்.

குடிக்காதவர்களிலும் சிலர் கவனமாக இருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் முதலில் கை கால்களை நனைத்து, மூச்சு நிதானமான பிறகு ஓரமாக நிற்கலாம். வலிப்பு உள்ளவர்கள் மாத்திரையைத் தவறவிடாமல், துணைக்கு ஆளோடு போக வேண்டும். தலையில் வெந்நீர் ஊற்றினால் மட்டும் வலிப்பு வரும் ஒருவகை நோயும் உண்டு. உலகிலேயே தென்னிந்தியாவில்தான் அது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் விடுதி அறையின் வெந்நீர்க் குழாயிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அருவி தீர்க்காத நோய்

அருவியில் தலையைக் காட்டினால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. குளிர்நீர் பட்டதும் கொந்தளிப்பு சற்று அடங்குவதைப் பார்த்தவர்கள் அப்படி நம்பியதில் வியப்பில்லை. அந்த அமைதி நிலைப்பதில்லை. மனச்சிதைவில் டோபமின் பாதைகளில் ஏற்படும் குளறுபடி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்வது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள்கூடச் செரட்டோனின் அளவைச் சில மணி நேரத்தில் மாற்றிவிடும். மனம் தேறுவதற்கோ சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் 'மாத்திரை கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடி காட்டியது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது.

தூக்கமின்மை, காரணமில்லாத பயம், யாரோ பேசுவதுபோலக் காதில் குரல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம், இவற்றோடு உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், குற்றாலத்துக்கு அழைத்துப்போவதில் தவறில்லை. அதற்கு முன்னால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அழைத்துப்போங்கள். உடனே போக முடியாதவர்கள் டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.