காதில் குடிகொண்ட இரைச்சல்

வியாதிகளில் பலவற்றிற்குச் சாட்சி உண்டு. ஜுரத்திற்குத் தேகச் சூடு சாட்சி. புண்ணிற்குச் சீழ் சாட்சி. கண்ணில் பூ விழுந்தால் எதிரில் நிற்பவரும் காணலாம். ஆனால், அனுபவிப்பவர் ஒருவரைத் தவிர வேறெவரும் அறிய முடியாத வியாதி ஒன்று இருக்கிறது. அதில் வாதியும் அவரே, சாட்சியும் அவரே. வெளியில் யாதோர் ஓசையும் இல்லாதபோது, காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது போலவோ, சீழ்க்கை அடிப்பது போலவோ, நீராவி சீறுவது போலவோ இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் காதிரைச்சலையே குறிப்பிடுகிறோம்.

பசுவந்தனையைச் சுற்றியுள்ள கரிசற் கிராமங்களுக்கு இது அந்நியமான விஷயமன்று. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்துப் பிழைக்கும் குடும்பங்கள், மழை பொய்த்த காலங்களில் கோவில்பட்டி நூற்பாலைகளை நாடிச் சென்றிருக்கின்றன. யந்திரங்களின் நடுவே பல வருஷம் நின்றவர்களில் சிலருக்கு, வீடு திரும்பிய பிறகும் மில் ஓய்வதில்லை. ஊர் அடங்கிய நடுநிசியில் தலை சாய்த்ததும் காதுக்குள் யந்திரம் ஓடத் தொடங்குகிறது. வீட்டாரிடம் சொன்னால், தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்கிறார்கள். சூடு என்பார் சிலர். பித்தம் என்பார் சிலர். மனப்பிராந்தி என்று நகைப்பாரும் உண்டு.

இது பிராந்தியன்று. 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, உலகில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர், அதாவது 74 கோடிக்கு மேற்பட்டோர், காதிரைச்சலை அனுபவித்தவர்கள் என்று கணித்திருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 12 கோடிப் பேருக்கு அது பெருந்தொல்லை. சங்கீத மேதை பீத்தோவன், காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருப்பதை 1801-ல் தம் நண்பருக்கு எழுதி வருந்தினார். நம் நாட்டில் சுசுருதர் இதனைக் கர்ணநாதம் என்று பெயரிட்டுக் காது நோய்களின் வரிசையில் வைத்தார்.

இத்தகைய பழைய வியாதியைப் பற்றி இன்றும் இரண்டு பொய்கள் உலவுகின்றன. இதற்கு ஒன்றுமே செய்ய முடியாது என்பது ஒன்று. ஒரு புட்டி மருந்தில் தீர்ந்துவிடும் என்பது மற்றொன்று. முதற் பொய் நோயாளியின் தைரியத்தைப் பறிக்கிறது; இரண்டாவது அவருடைய பணத்தைப் பறிக்கிறது. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறது. ஓசையை அடியோடு அகற்றும் மருந்து இல்லை. ஆனால் ஓசையால் வரும் துன்பத்தை அகற்ற வழி உண்டு. அதற்கும் மேலாக, பலருக்கு இவ்வோசை பிறவாமலே காக்கவும் வழி உண்டு.

ஓசை பிறக்கும் இடம்

இதை அறிய வேண்டுமானால் காதின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். உட்செவியில் நத்தைக் கூட்டைப் போன்று சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் சுமார் 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஓசையின் அதிர்வை வாங்கி நரம்பின் வழியே மூளைக்குத் தெரிவிப்பது இவற்றின் வேலை. பேரோசையும் முதுமையும் சில மருந்துகளும் இவற்றை அழிக்கின்றன. கரிசலில் பயிர் கருகினால் அடுத்த மழைக்கு மறுபடியும் விதைக்கலாம். மனிதனின் காதில் இந்த அணுக்களுக்கு மறுவிதைப்பு கிடையாது.

அணுக்கள் அழிந்த இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வருவது நின்றுவிடுகிறது. மூளையோ, வராத செய்தியை எதிர்பார்த்துத் தன் கவனத்தைக் கூட்டுகிறது. தொலைதூர நிலையம் ரேடியோவில் சரியாகக் கேட்காவிட்டால் நாம் ஓசையைக் கூட்டும் திருகைத் திருப்புகிறோம். பாட்டு வருவதில்லை, இரைச்சல்தான் மிகுகிறது. ஏறக்குறைய இவ்விதமே காதிரைச்சலும் பிறக்கிறதென்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். கட்டியை அகற்றுவதற்காகக் கேள்வி நரம்பையே துண்டித்த பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை என்பது இதற்கு வலுவான சான்று. எண்ணெய்ச் சொட்டும் பூண்டுச் சாறும் சென்றடையக்கூடிய இடத்தில் இவ்வோசை இல்லை என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு சோதனையும் கவனிக்கத்தக்கது. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், காதில் குறையில்லாத 80 பேரை ஓசை புகாத அறையில் இருத்தினார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதோவோர் ஓசை கேட்டதாகக் கூறினார்கள். நிசப்தத்தில் வைத்தால் பலருடைய மூளையும் தன் இரைச்சலைத் தானே கேட்கும். ஆகவே, கிராமத்து அமைதி காதிரைச்சலுக்கு மருந்து என்று நினைப்பது தவறு. பட்டணத்துச் சந்தடியில் அமுங்கிக் கிடக்கும் ஓசை, கரிசல் காட்டு இரவின் மௌனத்தில் பேருருக் கொள்கிறது.

மனத்தின் பங்கு

சுவர்க் கடிகாரம் நாள் முழுதும் ஒலிக்கிறது. வீட்டில் உள்ளோர் அதைக் கேட்பதில்லை. ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை என்று மூளை தீர்மானித்த ஓசையை அது ஒதுக்கிவிடுகிறது. காதிரைச்சல் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு நாளடைவில் இவ்விதமே நிகழ்கிறது. சிலருக்கு மட்டும், இது மூளைக் கட்டியோ, செவிடாகிவிடுவோமோ, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற அச்சம் அந்த ஓசையோடு பிணைந்துகொள்கிறது. அஞ்சுவதால் கவனிக்கிறார், கவனிப்பதால் ஓசை பெருகுகிறது, பெருகுவதால் மேலும் அஞ்சுகிறார். தூக்கம் கெட்டால் இவ்வட்டம் இன்னும் விரைவாகச் சுழலும். ஜாஸ்ட்ரிபாஃப் என்ற விஞ்ஞானி 1990-ல் இந்த உண்மையை ஒரு கொள்கையாக வகுத்துக் காட்டினார். உள்ளே கேட்கும் ஓசையை நாதமென்று போற்றிய யோகியரின் மரபு நம் நாட்டில் உண்டு. உள்ளோசையெல்லாம் அச்சத்தை விளைத்தே தீரும் என்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

வைத்தியரிடம் செல்லும் காலம்

எல்லாக் காதிரைச்சலும் ஒரே காரணத்தால் வருவதன்று. காதில் குறும்பி அடைத்திருந்தாலும், நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் இரைச்சல் வரலாம். அவற்றை நீக்கினால் பலருக்கு இரைச்சலும் நீங்கும். கொயினா, அதிக அளவில் உண்ணும் ஆஸ்பிரின், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவையும் காரணமாகலாம். அதற்காக ஒருவர் உண்ணும் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது; கொடுத்த வைத்தியரைக் கேட்க வேண்டும்.

சில குறிகளைக் கண்டால் தாமதம் கூடாது. ஒரே காதில் மட்டும் விடாமல் இரைச்சல் கேட்பது, நாடித் துடிப்போடு சேர்ந்து துடிப்பது, தலைசுற்றல், காதில் சீழ், முகம் ஒரு புறம் கோணுதல் ஆகியவை அக்குறிகள். எல்லாவற்றிலும் அவசரமானது, ஒரு நாளிலோ இரண்டொரு நாளிலோ ஒரு காது திடீரென்று கேளாமற்போவது. ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே கொடுத்தால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த சந்தை நாளன்று டவுனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். இத்தகையவர் காலங்கடத்தாமல் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ செல்வது நலம். காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதும், கோழியிறகும் கொண்டை ஊசியும் விட்டுக் குடைவதும் செவிப்பறையைக் கெடுக்குமேயன்றி வேறு பயன் தாரா.

சிகிச்சை யாது?

முதற் சிகிச்சை, நோயாளிக்கு உண்மையை விளக்குவது. பெரும்பாலோருக்கு இது உயிருக்கு ஆபத்தான நோயன்று என்று பரிசோதித்த வைத்தியர் எடுத்துச் சொல்வதே பாதித் துன்பத்தைக் குறைக்கும். இரண்டாவது, கேள்விக் குறை உள்ளவருக்குக் காது கேட்கும் கருவி. இழந்த ஓசைகள் மீண்டும் மூளையைச் சேரும்போது, இரைச்சல் பின்னணிக்குச் சென்றுவிடுவதுண்டு. தகுதியுடையோருக்கு இக்கருவியை இலவசமாக வழங்கும் சர்க்கார் திட்டங்கள் இருக்கின்றன. கேட்டுப் பெறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. மூன்றாவது, நிசப்தத்தைத் தவிர்ப்பது. படுக்கையருகே மின்விசிறியோ, தாழ்ந்த குரலில் பாடும் ரேடியோவோ இருந்தால் போதும். அந்த ஓசை இரைச்சலை மூழ்கடிக்க வேண்டுவதில்லை. துணைக்கு நின்றால் போதுமானது.

நான்காவது, மனப் பயிற்சிச் சிகிச்சை. ஓசையைப் பற்றிய அச்ச எண்ணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றவும், தூக்கத்தைச் சீராக்கவும், கைவிட்ட காரியங்களை மறுபடி தொடங்கவும் நிபுணர் ஒருவர் சில வாரங்கள் பழக்குவது இது. 28 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, இச்சிகிச்சை காதிரைச்சலால் வரும் தொல்லையைக் குறைக்கக்கூடும் என்று கண்டது. மனநல நிபுணரிடம் போவது புத்தி பேதலித்தவருக்கே உரியது என்ற மூட எண்ணத்தை நம் ஜனங்கள் விட்டொழிக்க வேண்டும். துன்பம் மிகுந்து உயிர் வாழ்வதே வெறுத்துப்போகும் வேளையில், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணமில்லை.

மருந்தைப் பற்றி என்ன? அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை நிபுணர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி, கிங்கோ இலைச் சத்து, துத்தநாகம், மெலடோனின் ஆகியவற்றைக் காதிரைச்சலுக்குச் சிபார்சு செய்யக்கூடாது என்று கூறிற்று. ஆயினும் இவை அழகிய டப்பாக்களில் விற்பனையாகின்றன. செவிட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுத்திருக்கிறது. மூன்றே நாளில் காதிரைச்சல் மாயும் என்ற விளம்பரம் அச்சட்டத்தின் எழுத்துக்குத் தப்பினாலும் தப்பலாம்; நியாயத்துக்குத் தப்பாது. காசு வாங்கிக்கொண்டு அதை அச்சிடும் பத்திரிகைக்காரரும் அந்தப் பாவத்தில் பங்காளியே.

வருமுன் காப்பது

ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற வைத்தியர் 1886-ல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் காதுகளைச் சோதித்தார். ஒருவருக்கும் கேள்வி சரியாக இருக்கவில்லை. அன்றே உலகம் அறிந்த உண்மையை இன்றும் நம் ஆலைகள் பல அறியாதன போல் நடக்கின்றன. 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் நிற்பதே பத்திரமான எல்லை என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். ஓசை 3 டெசிபல் கூடுந்தோறும் நிற்கத்தக்க நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிஷமே எல்லை. நம் தொழிற்சாலை விதிகளோ 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை இடம் கொடுத்தன. நூற்பு யந்திரங்கள் நிறைந்த கூடம் இந்த அளவை எளிதில் எட்டிவிடும்.

இரைச்சலால் வரும் கேள்விக் குறை, 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில் நோய் அட்டவணையில் இடம்பெற்றது. 2020ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதைக் கண்ட வைத்தியர் அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் காதைச் சோதித்தாலல்லவா நோயைக் காணலாம்? வேலையில் சேரும்போதும் பின்பு வருஷந்தோறும் ஒவ்வொரு தொழிலாளியின் கேள்வியையும் சோதித்து, அந்தக் காகிதத்தை அவர் கையிலும் கொடுக்க வேண்டும். காதடைப்பான்களை வழங்குவதோடு, அணியும் முறையையும் கற்பிக்க வேண்டும். ஆலையில் கிடக்கும் பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக்கொள்வதால் தூசி நிற்கலாம், ஓசை நிற்காது.

பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அன்றைய கோரிக்கை. ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று இப்பிரதேசம் அன்றே முழங்கிற்று. அந்த ஓய்வு கைகால்களுக்கு மட்டும் உரியதா? காதுக்கும் உரியதே. தொழிற் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் காதுப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதலாளிமாரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கியைக் குழந்தைகள் தூங்கும் வீட்டுக்கு நேரே திருப்பி வைப்பவர்கள் யார்? நாமே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைச் சுப்ரீம் கோர்ட்டு 2005 ஜூலை 18-ல் அளித்த தீர்ப்பில் வலியுறுத்திற்று. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் அதிரும் வெடிகளைச் செய்வதும் விற்பதும் 1999 முதல் தடுக்கப்பட்டிருக்கின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது. வேட்டு கைக்குழந்தையின் காதருகே வெடிக்கிறது. இரைச்சலின்றித் திருவிழா இல்லை என்று எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

காதிரைச்சல் உள்ளவரை நம்புவது வீட்டாரின் கடமை. சோதித்து உண்மையைச் சொல்வது வைத்தியரின் கடமை. யந்திரத்தின் ஓசையைக் குறைப்பதும் தொழிலாளியின் காதைக் காப்பதும் முதலாளியின் கடமை. கிராமத்து ஏழைக்கும் எட்டும் இடத்தில் கேள்விச் சோதனையும் நிபுணரும் இருக்கச் செய்வது சர்க்காரின் கடமை. இவற்றில் எதற்கும் புதிதாக மருந்து கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை, இன்றே தொடங்கலாம்.