கல்யாணக் காரும் போட்டோகாரத் தம்பியும்

திண்டிவனத்தில் நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்து விழுப்புரம் கிளம்பினோம். முன்னால் போன வேனின் பின்கதவைத் திறந்து, காலைத் தொங்கப்போட்டு, மணமக்கள் காரைப் படமெடுத்தபடி வந்தார் போட்டோகாரத் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல்! வேன் சடன் பிரேக் போட்டால் எங்கள் கார்தானே அவர் மேல் மோதும்?

விக்கிரவாண்டி டீக்கடையில் கேட்டேவிட்டேன். "ஸ்பீடா போனாத்தான்க்கா ரோடு ஓடுற மாதிரி விழும்" என்றார்.

"மெதுவா போனா விழாதா?"

"விழும்க்கா. ரெண்டு வண்டியும் ஒரே வேகத்துல போகணும். ஷட்டரை 1/30 செகண்டு வெச்சா 30 கி.மீ.யே போதும்."

அப்புறம் எதுக்கு இந்த உயிர் விளையாட்டு? ஆளில்லாத ஊர்ச்சாலையில், கதவை மூடி, பெல்ட் போட்டு, ஜன்னல் வழியே எடுக்க வைத்தேன். சக்கரம் சுற்றுவதுகூட அழகாய் விழுந்திருந்தது. தோழிகளே, போட்டோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

– ஒரு வாசகி, விழுப்புரம்.