கடல் விலகிய நகரம்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து அலோர் காஜா வழியாகத் தெற்கே சென்றால், செம்பனையும் ரப்பர் மரங்களும் நிறைந்த தாழ்வான மேட்டு நிலங்களைக் காணலாம். கடற்கரையை நெருங்க நெருங்க நிலம் சமவெளியாக மாறும். மலாக்கா ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே ஒரு சிறு குன்று உள்ளது. அதுவே செயின்ட் பால் குன்று. அதன் உச்சியில் கூரையற்ற பழைய தேவாலயமும் அதன் முன்னே வெண்ணிறக் கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டப்பட்ட அந்த விளக்கத்திற்குக் கீழே இன்று கடல் இல்லை. பேரங்காடிகளும் தங்கும் விடுதிகளுமே இருக்கின்றன. அப்படியானால், அங்கிருந்த கடல் எங்கே போயிற்று?

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரா இங்கு அரசு அமைத்ததற்கு இந்நில அமைப்பும் ஒரு காரணமாகும். எதிரே சுமத்ரா தீவு அரண்போல் இருப்பதால் நீரிணையில் பேரலைகள் குறைவு. ஆற்று முகத்துவாரம் படகுகளுக்குப் புகலிடம் தந்தது. குன்று காவலுக்கு உதவியது. இவற்றோடு பருவக்காற்றும் துணை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வந்தன. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கப்பல்கள் வந்தன. திரும்பிச் செல்ல எதிர்க்காற்று வீசும்வரை வணிகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பே மலாக்காவைச் சந்தையாக வளர்த்தது.

வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் இங்கு செல்வாக்குப் பெற்றிருந்தனர். அவர்களுள் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அவர்களின் வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். இவர்கள் வீட்டில் மலாய் பேசினாலும் இந்து சமயத்தைப் போற்றி வருகின்றனர். ஜாலான் துக்காங் எமாஸில் 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்களுடையது.

1511இல் போர்த்துகீசியரும் 1641இல் டச்சுக்காரரும் நகரைக் கைப்பற்றினர். போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் இடித்தனர். ஒரு வாயில் மட்டுமே எஞ்சியது. இதற்கிடையில் ஆற்று முகத்துவாரத்தில் வண்டல் படிந்ததால், பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியவில்லை. 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் துறைமுகங்கள் அமைத்தபின் வணிகம் அங்கே நகர்ந்தது. மலாக்காவின் வளம் உள்நாட்டு நிலத்தை நாடியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து எண்ணற்றோர் வந்தனர்.

பிற்காலத்தில் நகரின் கரையோரக் கடல், மண் கொட்டி நிரப்பப்பட்டது. ஹீரன் வீதி என்றழைக்கப்பட்ட தெருவில், ஒரு வரிசை வீடுகளின் பின்புறம் ஒரு காலத்தில் கடலைப் பார்த்திருந்தது. இன்று அங்கிருந்து பார்த்தால் கட்டடங்களே தெரிகின்றன. புதிய நிலம் கடைகளையும் விடுதிகளையும் வேலைவாய்ப்பையும் தந்தது. எனினும், ஆழமற்ற நீரில் நடந்து, வலையைத் தள்ளி, கெராகோ எனும் சின்னஞ்சிறு இறாலைப் பிடித்து வந்த போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களின் தொழிற்களம் சுருங்கியது. ஒருவருக்கு நிலமாகக் கிடைத்தது, மற்றொருவருக்கு இழந்த கடலாயிற்று.

மண்ணுக்கடியிலும் வரலாறு மறைந்திருக்கிறது. 2006இல் சுற்றுலாக் கோபுரம் ஒன்றை அமைக்க ஆற்றங்கரையில் தோண்டியபோது, டச்சுக்காரர் காலக் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதனால் கோபுரம் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின், 2008இல், யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமை இடங்களாக அறிவித்தது.

கட்டடங்களைப் பாதுகாத்தால் மட்டும் ஒரு நகரின் வரலாறு முழுமையாகப் புரிந்துவிடுமா? கோட்டை வாயில் யாரை எதிர்நோக்கி நின்றது, கலங்கரை விளக்கம் யாருக்காக எரிந்தது என்பவற்றைக் கடலே விளக்கும். மலாக்காவுக்குச் செல்வோர் குன்றின் உச்சியில் சற்று நின்று, கூரைகளுக்கு அப்பால் தெரியும் நீலக் கோட்டைத் தேடிப் பார்க்கலாம். இந்நகரத்தின் கதை அந்தக் கடலிலிருந்துதான் தொடங்குகிறது.