கண்மாய்க் கரையில் கேமரா வேட்டை... எந்தக் கேமரா வாங்கலாம்?

போன வருடம் சித்திரை வெயிலில், ஊர்க் கண்மாய்க்குள் புதுக் கேமராவோடு இறங்கினேன். தண்ணீர் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி தரையில் உட்கார்ந்திருந்தது. நாற்பதடி தூரத்தில் நின்று எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், புள்ளி மாதிரி ஒரு பறவை. சரி, இன்னும் பக்கத்தில் போவோம் என்று நடந்தேன்.

குருவி எழுந்து கத்தத் தொடங்கியது. தலைக்கு மேலே வட்டமடித்தது. ‘அட, பறக்கும் படமும் கிடைக்கிறதே’ என்று சந்தோஷத்தில் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். காலடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மண் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் படங்களைப் பெருமையாகக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. “ஏய்யா, அது முட்டைய விட்டு எந்திரிச்சா வெயில்ல வெந்துபோகுமே. எம்புட்டு நேரம் நின்ன?” என்றுதான் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, தூரத்திலிருந்தே போய்ப் பார்த்தேன். முட்டைகளும் இல்லை, குருவியும் இல்லை. கீரியா, காக்கையா, வெயிலா... தெரியாது. ஆனால், என் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

என் தாத்தா அந்தக் காலத்தில் காடைக்குக் கண்ணி வைத்தவர். “அவரு கண்ணி வச்சாரு, நீ கேமரா வச்சிருக்க. ரெண்டும் வேட்டைதான்” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வார்த்தை உறுத்தியது. பறவைப் படம் எடுக்கக் கேமரா வாங்க நினைக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சட்டம் சொல்லும் ‘வேட்டை’

மதுரையைச் சுற்றி வேட்டைக்குப் பஞ்சமில்லாத காலம் ஒன்று இருந்தது. கோயில் திருவிழாவை ஒட்டி, ஊரே திரண்டு முயல் பிடிக்கக் கிளம்பும் பாரிவேட்டை வழக்கமும் இருந்தது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. இன்று முயலுக்கு வலை விரித்தாலும் வழக்குதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அதில் அடக்கம். அப்பா விளையாட்டாகச் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது!

ஆகவே, கேமரா வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்பதல்ல, ‘பறவை கலையாத தூரத்தில் நின்று இதனால் படம் எடுக்க முடியுமா?’ என்பதுதான். நான் அதைக் கேட்கவில்லை. கடையில் மெகாபிக்சல் கணக்கைச் சொன்னார்கள். தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன்.

தூரக் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வெண்மார்பு மீன்கொத்தி கிட்டத்தட்ட 28 செ.மீ. நீளம். அது 30 மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேமராவோடு சேர்த்து விற்கும் 55-250 மி.மீ. லென்ஸை முழுதாக நீட்டி எடுத்தால், நடுத்தர சென்சார் கொண்ட கேமராவில் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் பறவை இருக்கும். அதே கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால் நான்கில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கினாலும் கண்ணும் அலகும் தெளிவாகத் தெரியும்.

கூட 18-55 லென்ஸ் இலவசம், பை இலவசம் என்பதற்காக வாங்கினால், பிறகு கால்தான் ஜூம் ஆகும். என் கதை அதுதான்.

விளம்பரத்தில் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. ‘ஆப்டிகல் ஜூம்’ எவ்வளவு என்று பாருங்கள்.

மூன்று வழிகள்

1. லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமரா: நிக்கான் பி950 (83 மடங்கு ஜூம்), பி1100 (125 மடங்கு), கேனான் எஸ்எக்ஸ்70 (65 மடங்கு) போன்றவை. மேலே சொன்ன மீன்கொத்தியை பி950-ல் முழு ஜூம் வைத்து எடுத்தால், படத்தின் உயரத்தில் முக்கால்வாசியை அதுவே நிரப்பிவிடும். கண்மாயின் அக்கரையில் நிற்கும் நாரையையும் இக்கரையிலிருந்தே எடுக்கலாம்.

குறை என்ன? உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சிறியது. நடுத்தர சென்சாரின் பரப்பில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் படம் குருணை குருணையாக வரும். பறக்கும் பறவையைப் பிடிப்பதும் சிரமம். பறவைகளை அடையாளம் காணவும் பதிவு செய்யவும் வேண்டும், லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு இது போதும். ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நல்ல தொடக்கம்.

2. சின்ன மிரர்லெஸ் கேமரா + நீண்ட லென்ஸ்: கேனான் ஆர்50 அல்லது ஆர்10-உடன் 100-400 மி.மீ. லென்ஸ் ஓர் உதாரணம். அந்த லென்ஸின் எடை 635 கிராம்தான். ஆர்50-ஐயும் சேர்த்தால் ஒரு கிலோ. பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இவற்றில் இருக்கிறது. நிக்கான் இசட்50-II-லும் இந்த வசதி உண்டு. பட்ஜெட் லட்சத்தை ஒட்டிப் போகும். ஆனால், சில வருடங்களுக்கு வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.

3. பெரிய லென்ஸ்: 200-600, 180-600, 150-600 மி.மீ. லென்ஸ்கள். படம் அள்ளிக்கொண்டு போகும். ஆனால், லென்ஸ் மட்டுமே சுமார் இரண்டு கிலோ. கேமராவும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். அரிட்டாபட்டி பாறையில் அதைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்! ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பணம் குறைவு என்றால், பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கலாம், தப்பே இல்லை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். கடைக்கு வெளியே வந்து, தூரத்தில் போகும் பைக்கை ஃபோகஸ் செய்து பாருங்கள்.

குழந்தைகளுக்கு என்றால், கேமராவுக்கு முன்னால் ஒரு 8x42 பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் படம் கிடைக்கும்.

மதுரை வெயிலுக்கு ஏற்ற வேட்டை

எந்த விலைக் கேமராவாக இருந்தாலும், இங்கே பத்து மணிக்கு மேல் ஓர் எதிரி வந்துவிடுவார். சூடான தரையிலிருந்து எழும் கானல். தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். லென்ஸ் சரியில்லை என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழையசோறு சாப்பிடுங்கள்.

கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 போதும். பறப்பதற்கு 1/2000 வேண்டும். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் வையுங்கள். இல்லையென்றால் இறகின் மடிப்பே தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும்.

டிரைபாட் இல்லையா? பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் காலை ஒரு முழம் வெட்டி, ஒரு பக்கம் தைத்து, உள்ளே கொஞ்சம் நெல்லையோ பயறையோ போட்டு மறுபக்கமும் தைத்துவிடுங்கள். மடைச் சுவரிலோ கார் ஜன்னலிலோ அதை வைத்து, மேலே லென்ஸைப் பதித்தால் அசையாது. கேமராவை வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை அண்டாது.

எங்கே போகலாம்? சாமநத்தம் கண்மாய் மதுரைப் பறவை ஆர்வலர்களுக்குப் பழக்கமான இடம். வண்டியூர் கண்மாயில் நடைப்பயிற்சியோடு படமும் எடுக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிக்குப் போய் வாருங்கள். 1977-லிருந்து அது பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் போய் நின்றுகொண்டு, ‘பறக்கும் படம் வேண்டும்’ என்று கையைத் தட்டிப் பறவையைக் கிளப்ப யாருக்காவது மனசு வருமா?

அழகர்மலை போன்ற காப்புக் காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். செல்போனில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். கூட்டைக் கண்டால், படம் எடுக்காமல் திரும்பி நடங்கள்.

படம் எதற்கு?

‘லைக்’ வாங்க மட்டுமா இத்தனை செலவு? அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே உள்ள சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தபோது, மேலூர் பகுதி மக்கள் திரண்டு போராடினார்கள். சமணர் படுக்கையும் கல்வெட்டும் கண்மாய்களும் பேசப்பட்டதுபோல, அந்தப் பறவைகளும் பேசப்பட்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

இங்கே இன்ன பறவை இருக்கிறது என்று சொல்ல, தேதியும் இடமும் உள்ள ஒரு படம் சாட்சி. அது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சாட்சிதான். உங்கள் ஊர்க் கண்மாயிலும் அப்படி ஒரு சாட்சி தேவைப்படும் நாள் வரலாம்.

மா.கிருஷ்ணன் என்று ஓர் இயற்கையியலாளர் இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பறவைகளையும் எடுத்தவர். இன்று நம் கையில் இருக்கும் எந்த வசதியும் அவருக்கு இல்லை. விலங்கின் குணத்தைப் பல வருடம் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். அதுதான் அவரிடம் இருந்த லென்ஸ்.

இந்தச் சித்திரையில், பழைய கேமராவுக்கு 400 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். அதே கண்மாய். இந்தமுறை கரையைவிட்டு இறங்கவில்லை. கருவேல மர நிழலில் உட்கார்ந்து, ஜீன்ஸ் பையில் லென்ஸை வைத்துக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, ஓர் ஆள்காட்டி தேங்கிக் கிடந்த கொஞ்சம் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, நடந்து போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டையைக் குளிர வைக்கத்தான் அந்த ஈரம்.

ஒரே ஒரு படம். அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“கத்தவே இல்லையாய்யா?”

“இல்ல அப்பத்தா.”

“அப்ப நல்ல கேமராதான்” என்றார்.